தம்பிக்கு, கல்யாணத்துக்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு பிரஷர் இறங்கியிருக்கிறது. மண்டபத்துக்கு இரண்டாவது தவணை கட்டியாச்சு. பட்டர்வொர்த் சித்தி பத்திரிகைக் கட்டை வாங்கிப் போய்விட்டாள். உனக்கு வாட்ஸ்அப்பில் போட்டால் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் காகிதத்தில் எழுதி, கோலாலம்பூர் வரும் பாலா அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறை ஒட்டித்தான் இருக்கும். தனியாக இருக்கும்போது படி.

கல்யாணத்துக்கு முன் பாலியல் நோய் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னதற்கு, "எனக்கு எதுக்கும்மா, நான் அப்படி எதுவும் செஞ்சதில்லையே" என்றாய். நீ பொய் சொல்கிற பிள்ளை இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த "அப்படி எதுவும்" என்பதில் எதைச் சேர்த்தாய், எதை விட்டாய்? கிளினிக்கில் பதினெட்டு வயதுக்காரரும் சொல்கிற பதில் இதுதான், ஐம்பது வயதுக்காரரும் சொல்கிற பதில் இதுதான். நான் உன்னிடம் ஒன்றும் கேட்கப் போவதில்லை. யாரோடு என்றும் கேட்க மாட்டேன். எதெல்லாம் கணக்கில் வரும் என்பதை மட்டும் கிளினிக் நர்ஸாக, எல்லோரும் கூப்பிடும் மிஸ்ஸியாக இருந்து எழுதுகிறேன். அம்மாவாக எழுதினால் கை ஓடாது.

ஆளுக்கு ஒரு கணக்கு, தம்பி. அமெரிக்காவில் பாலியல் பற்றி ஆராயும் கின்சி ஆய்வு நிலையத்தார் 1991-ல் ஒரு பல்கலைக்கழகத்து மாணவர்கள் 599 பேரிடம், இன்னது செய்தால் உடலுறவு கொண்டதாகச் சொல்வீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஆண்குறி யோனிக்குள் போனால் உடலுறவுதான் என்பதில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே பதில். வாயால் செய்வதை 59 விழுக்காட்டினர் சேர்க்கவில்லை. ஆசனவாய் வழியாகச் செய்வதைக்கூட 19 விழுக்காட்டினர் விட்டுவிட்டார்கள். அதிபர் கிளிண்டனின் பதவி நீக்க வழக்கு செனட்டில் நடந்துகொண்டிருந்த 1999 ஜனவரியில் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழ் இதை வெளியிட்டது, அதற்காக அதன் ஆசிரியருக்கு வேலையே போனது. அந்த மாணவர்கள் யாரும் ஏமாற்றவில்லை. மனசார அப்படித்தான் நம்பினார்கள். உன்னைப் பற்றி எனக்குள்ள கவலையும் அதுதான்.

சட்டத்தின் கணக்கு வேறு. நம் மலேசியக் குற்றவியல் சட்டத்தில், பாலியல் வல்லுறவைச் சொல்லும் 375-ஆம் பிரிவுக்கு உள்ளே நுழைந்தாலே போதும், விந்து வர வேண்டியதில்லை. வாயும் ஆசனவாயும் 377ஏ என்று தனிப் பிரிவு, இரண்டு பேரும் சம்மதித்தாலும் குற்றம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்து பலர் வாயைத் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம். 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில் 70-ஆம் பிரிவு, தம்பதி உடலுறவு கொள்ளவே முடியாமல் போனால் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது. இதெல்லாம் கோர்ட்டுக்கு. கிருமிக்கு இந்தப் பிரிவுகள் ஒன்றும் தெரியாது. ஈரமான தோல் எங்கே எதோடு பட்டது, அவ்வளவுதான் அதற்கு.

அதனால் டாக்டர் கேட்டால் "செய்தேன்", "செய்யவில்லை" என்று சொல்லாதே. எந்த உறுப்பு எதில் பட்டது, ஆணுறை இருந்ததா, கடைசியாக எப்போது, இதைச் சொல். வாய் என்றால் வாய் என்று சொல். சிறுநீரை மட்டும் எடுத்துப் பார்த்தால் தொண்டையில் இருக்கும் கிருமி தெரியாது, ஆசனவாயில் இருப்பதும் தெரியாது. அங்கங்கே பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுக்க வேண்டும். பெரியவர்கள் மேகவெட்டை என்பார்களே, அந்த கொனோரியா தொண்டையில் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் ஒரு எரிச்சல்கூட இருக்காது. சிறுநீர் கொடுக்கும்போது முன்னால் ஒரு மணி நேரமாவது போகாமல் இருந்து, முதலில் வருவதை 20, 30 மில்லி பிடிக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று டெஸ்டுக்குப் பிடிக்கிற மாதிரி நடுவில் பிடித்துக் கொடுத்தால் கிருமி கழுவிப் போயிருக்கும்.

சிபிலிஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஏமாற்றுகிற நோய் அது. பட்ட இடத்தில் ஒரே ஒரு புண், பெரும்பாலும் மூன்று வாரம் கழித்து வரும். 10 நாளிலும் வரலாம், 90 நாளிலும் வரலாம். உதட்டில் வரலாம், ஆசனவாய்க்குள் யாருக்கும் தெரியாமலும் வரலாம். வலிக்காது. மருந்தே இல்லாமல் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். ஆறிவிட்டதே என்று ஆள் நிம்மதியாக இருப்பார், கிருமி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரும், அதுவும் போய்விடும். கட்டிக்கொண்டவளுக்குப் போகும், அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பென்சத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தடவை, இரண்டு பக்கப் பிட்டத்திலும் பாதி பாதி. பால் போலக் கெட்டியான மருந்து. நிதானமாக, நடுவில் நிறுத்தாமல் ஏற்ற வேண்டும், நிறுத்தினால் ஊசி அடைத்துக்கொள்ளும். இரண்டு நாள் உட்கார வலிக்கும். அவ்வளவோடு தீருகிற நோயை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அலைகிறார்கள், "நாங்கள் உள்ளே விடவே இல்லை மிஸ்ஸி" என்று சொல்லிக்கொண்டு.

எச்.ஐ.வி. என்றால் எங்கே என்பது பெரிய வித்தியாசம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, கிருமி உள்ளவரோடு உறையில்லாமல் ஆசனவாய் வழி ஏற்றுக்கொள்பவருக்கு 10,000 தடவைக்கு 138 தடவை தொற்றலாம். யோனி வழி என்றால் 8. வாய் வழி மிக மிகக் குறைவு. கன்னித்தன்மை போகாது என்று ஆசனவாயைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகள் ஆபத்து அதிகமான வழியில்தான் போகிறார்கள். உறை போட்டாலும் தேங்காய் எண்ணெய், வாசலின் தடவாதே, ரப்பர் இளகிக் கிழியும். தண்ணீர் கலந்த ஜெல் ஃபார்மசியில் கிடைக்கும்.

ஏதாவது நடந்தது இந்த மூன்று நாளுக்குள் என்றால் இந்தக் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிடும் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை இருக்கிறது. பழைய விஷயம் என்றால், லேபில் ரத்தக் குழாயிலிருந்து எடுத்துப் பார்க்கும் புதிய டெஸ்ட் 45 நாள் ஆனபின் நம்பலாம். விரலில் குத்திப் பார்ப்பது என்றால் 3 மாதம் கழித்து இன்னொரு முறை பார்.

முஸ்லிம்களுக்குக் கல்யாணத்துக்கு முன் எச்.ஐ.வி. டெஸ்ட் கட்டாயம். நமக்கு விருப்பம்தான், கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசாங்க கிளினிக்கில் பார்க்கலாம். அதோடு சிபிலிஸும் பார்க்கச் சொல்லிக் கேள், கேட்டால்தான் பார்ப்பார்கள். கிருமி இருந்தால் 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி சுகாதார இலாகாவுக்கு அறிவிப்பார்கள், அதை உன்னிடம் மறைக்கவில்லை. பெண் வீட்டுக்கோ உன் கம்பெனிக்கோ சொல்வதற்காக அல்ல அது. எச்.ஐ.வி. இருந்தாலும் மாத்திரை சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நின்றுவிட்டால், உடலுறவில் அடுத்தவருக்குப் போகாது. பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். யாரும் இதில் சாக வேண்டியதில்லை, தம்பி. போய்ப் பார். போய்ப் பார் என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் வரவைக்கும் எச்.பி.வி. வைரஸுக்குத் தடுப்பூசியும் போட்டுக்கொள். பெண்பிள்ளைகளுக்கு 2010-லிருந்து 13 வயதில் பள்ளியில் போடுகிறார்கள், உங்களுக்குப் போடவில்லை. அந்த வைரஸுக்கு உள்ளே போக வேண்டும் என்றே இல்லை, தோலோடு தோல் உரசினால் போதும். உறையும் முழுக்கத் தடுக்காது. உன் வயதுக்கு மூன்று ஊசி, ஆறு மாதத்தில் முடியும்.

இன்னொன்று. உன் அத்தை இப்போதே வெள்ளை விரிப்பு வாங்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். அந்தப் பேச்சை நான் நிறுத்திவிட்டேன், நீயும் காது கொடுக்காதே. பல பெண்களுக்கு முதல் தடவை ரத்தம் வராது. கன்னித்திரை என்பது வாசலை மூடிய திரை கிடையாது, ஓரத்தில் இருக்கும் மெல்லிய சதை வளையம், ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். அதைப் பார்த்து ஒரு பெண் யாரோடாவது இருந்தாளா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் அந்தப் பரிசோதனையே கூடாது என்று சொல்லிவிட்டது. அவளுக்கு வலித்தால் நிறுத்து. தசை இறுகி உள்ளே போகவே முடியாமலும் சில பெண்களுக்கு இருக்கும். அது பிடிவாதமும் இல்லை, உன் மேல் வெறுப்பும் இல்லை. சிகிச்சை இருக்கிறது.

பள்ளியில் நீ வாங்கிய பதக்கமெல்லாம் இன்னும் சாமி அறையில்தான் இருக்கிறது. உன்னைப் பற்றி எங்கும் தலை நிமிர்ந்துதான் பேசுகிறேன். ஆனால் ஒரு போன் எடுக்க உனக்கு இத்தனை நாளா? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கும் வரவில்லை. உன்னோடு மூன்று வருஷம் அறையில் இருந்த அந்தப் பிள்ளையும் தீபாவளிக்கு வரவில்லை. ஏன் என்று அப்பா கேட்டதும் நீ எழுந்து வெளியே போய்விட்டாய்.

கல்யாணம் வேண்டாம் என்றால் இப்போது சொல், பெண்ணின் கழுத்தில் தாலி ஏறிய பிறகு சொல்லாதே. மண்டபப் பணம் போனால் போகட்டும். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். வேண்டும் என்றால், அந்தப் பெண்ணை நாம் வீட்டுக்கு அழைத்து வருகிறோம், அவளுக்குத் தெரிய வேண்டியதை அவளிடம் மறைக்காதே. எது எப்படியானாலும் கிளினிக்குக்கு இந்த வாரமே போ.

பசியோடு இருக்கத் தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே ரத்தம் கொடுக்கலாம். ஐ.சி., அடையாள அட்டையை எடுத்துக்கொள். காலையில் எட்டு மணிக்கு முன் போனால் நம்பர் சீக்கிரம் கிடைக்கும். என்ன வந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, போனேன் என்று மட்டும் ஒரு வரி போடு.

அன்புடன்,
அம்மா