இரண்டு அட்டையும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். லேமினேஷனும் போடுவதால் இந்தப் பக்கத்தில் யார் கையில் என்ன அட்டை இருக்கிறது என்று ஓரளவு தெரியும். போன மாதம் அடுத்த தெருவிலிருந்து ஓர் அக்கா வந்தார், வீட்டு வேலைக்குப் போகிறவர். கணவர் மூட்டை தூக்கும் தொழிலாளி. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி மோதி இறந்துபோனார். "தம்பி, வாரியத்துல பணம் கிடைக்கும்னு சொன்னாங்க, இந்தா அவரோட அட்டை" என்று நீட்டினார். மூன்று வருடத்துக்கு முன்னால் நானே லேமினேஷன் போட்டுக் கொடுத்த அட்டைதான். வாங்கிப் பார்த்தால் அது இ-ஷ்ரம் அட்டை.

இ-ஷ்ரம் என்பது அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய பதிவேடு. பெயர் சேர்த்தால் 12 இலக்க எண் கிடைக்கும். தமிழக அரசின் தொழிலாளர் நல வாரிய உறுப்பினர் அட்டை வேறு. விபத்து மரண நிதி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, திருமணம், மகப்பேறு, கண்ணாடி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் வாரியத்தில் பதிந்தவருக்குத்தான். எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் ஒன்றை வாங்கிவிட்டு இரண்டும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்கிறார், அட்டையை மடங்காமல் பாஸ்புக்குக்குள் வைத்திருந்தார்.

அந்தப் பாஸ்புக்கையும் புரட்டினேன். பிரதமர் விபத்துக் காப்பீட்டுக்கு வருடம் 20 ரூபாய், வங்கி தானே பிடித்துக்கொள்ளும், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். முந்தைய வருடம் அந்த 20 ரூபாய் பிடித்த பதிவு இருக்கிறது. இந்த வருடம் மே கடைசியில் கணக்கில் இருந்தது 11 ரூபாய், அதனால் பிடிக்கவில்லை. ஜூன் முதல் தேதி புது வருடக் காப்பீடு தொடங்கிவிடுகிறது, அவருக்குத் தொடங்கவில்லை. அதை அக்காவுக்குப் படித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது மாதம் 1,200 ரூபாய் விதவை ஓய்வூதியத்துக்கு இ-சேவை மையத்தில் மனு போட்டிருக்கிறோம்.

வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை சேரலாம். அதற்கு ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், போட்டோ, அப்புறம் இந்த வேலைதான் செய்கிறார் என்று ஒரு பணிச் சான்று, அவ்வளவுதான். பதியவும் கட்டணம் இல்லை, புதுப்பிக்கவும் இல்லை. ஆனால் 500, 1,000 என்று புரோக்கரிடம் கொடுத்தவர்கள் என் கடைக்கு வாரம் ஒருவராவது வருகிறார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது அவர்களிலும் பாதிப் பேருக்குத் தெரியாது, தேதி தாண்டின அட்டையைப் பத்திரமாகப் பீரோவில் வைத்திருப்பார்கள். ஆன்லைனில் போடலாம் என்றால் ஓடிபி பழைய சிம்முக்குப் போகிறது, ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால். அதைத் திருத்த இரண்டு நாள் லீவு போட்டால் இரண்டு நாள் கூலி போச்சு, சரி அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்லுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வரும்.

2023-இல் மகளிர் உரிமைத் தொகைக்கு என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ரேஷன் கடை ஊழியர்கள் வீடு வீடாக டோக்கனும் விண்ணப்பமும் கொடுத்தார்கள், எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அதிலேயே இருந்தது, தெருவுக்குப் பக்கத்திலேயே முகாம் போட்டார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. அதே அரசு, அதே ஊழியர்கள்தானே? கொருக்குப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நல வாரிய முகாம் போடத் தொழிலாளர் துறைக்கு என்ன தடை? பணிச் சான்று தருகிறவர்களும் அங்கேயே உட்கார்ந்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்.

உங்கள் நாளிதழும் ஓர் உதவி செய்ய வேண்டும். சென்னைப் பதிப்பில் வாரம் ஒரு கால் பக்கம் ஒதுக்கி, எந்த வேலைக்கு எந்த வாரியம், என்ன சான்று, எங்கே போக வேண்டும் என்று போடுங்கள். மே மாதம் பிறந்ததும் கணக்கில் 20 ரூபாய் வைத்திருங்கள் என்று முதல் பக்கத்திலேயே ஒரு கட்டம் போடுங்கள். வெட்டிக் கொடுத்தால் நான் காசு வாங்காமல் ஜெராக்ஸ் எடுத்துக் கடை வாசலில் ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
தண்டையார்பேட்டை, சென்னை.