பெல் அடிக்க வேண்டிய தூரம்

அன்புள்ள சுந்தரம்,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதக் காலம் தாழ்த்தியதற்குச் சோம்பல் பாதிக் காரணம். மீதிப் பாதியைக் கீழே சொல்கிறேன். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி ஓடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், இத்தனை ஆண்டுகள் ஓடிய அதே பாதையில் இப்போது சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

அதிகாலையில் நீ ஓடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்த சைக்கிள் ஒன்று உன் முழங்கையை உரசிக்கொண்டு போனதையும், அவன் திரும்பிப் பார்த்து உன்னையே திட்டியதையும், பதிலுக்கு நீயும் இரண்டு வார்த்தை சொன்னதையும் எழுதியிருந்தாய். முதல் முறை படித்தபோது முழுக்க உன் பக்கம்தான் நின்றேன். அந்தச் சூட்டோடு பதில் எழுதவும் உட்கார்ந்தேன். எழுதி முடிப்பதற்குள் நானே அந்தச் சைக்கிள்காரனாகிவிட்டேன்.

நடந்தது இதுதான். நடப்பவர்களும் ஓடுபவர்களும் சைக்கிளில் வருபவர்களும் கலந்து போகும் பாதை அது; மூன்று பேர் பக்கம் பக்கமாக நின்றால் நிறைந்துவிடும் அகலம். எனக்கு முன்னால் வயதான அம்மா ஒருவர் இடது ஓரமாக நடந்துகொண்டிருந்தார். வலப்பக்கம் தாராளமாக இடமிருந்தது. மரியாதையாக நடந்துகொள்கிறோம் என்ற நினைப்பில், அவரை நெருங்கியதும் பெல்லை அடித்தேன். அவர் திடுக்கிட்டு, ஒதுங்குவதாக எண்ணி, நான் போகவிருந்த வலப்பக்கத்துக்கே தாவினார். பிரேக்கைப் பிடித்த பிடியில் பின்சக்கரம் சறுக்க, நான் புல்லில் போய் விழுந்தேன். நல்லவேளையாக அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்த என்னிடம், "பெல் அடித்தால் நான் எந்தப் பக்கம் போக வேண்டும், தம்பி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அவரோ உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிதானமாக மிதித்தாலும் சைக்கிள் மணிக்கு 20 கிலோமீட்டர் போகும். நடப்பவரின் வேகம் 5 கிலோமீட்டர். அப்படியானால் நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வீதம் நான் அவரை நெருங்கிக்கொண்டிருந்தேன். பெல் அடித்தபோது எங்களுக்கிடையே 5 மீட்டர்தான் இருந்திருக்கும். சத்தம் காதில் விழுந்து, அது என்னவென்று புரிந்து, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தீர்மானித்து, கால் நகர்வது வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நொடிக்குச் சற்றே கூடுதலான அவகாசத்தை அந்த வயதானவருக்கு நான் கொடுத்திருக்கிறேன். அதே பெல்லை 20 மீட்டருக்கு முன்பே அடித்திருந்தால் ஐந்து நொடி கிடைத்திருக்கும். அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். உன்னை உரசியவன் பெல் அடிக்கவேயில்லை, நான் காலம் கடந்து அடித்தேன். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக இப்போது எனக்குத் தோன்றவில்லை.

1968இல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, சைக்கிளுக்கு நல்ல பிரேக்கோடு, போதிய தூரத்துக்குக் கேட்கும் மணியும் இருக்க வேண்டும் என்கிறது. மணியைத் தவிர வேறு ஒலிக்கருவி எதுவும் கூடாது என்றும் சொல்கிறது. எந்தப் பெல்லும் வாங்குகிற நாளிலேயே அந்தப் போதிய தூரத்தைக் கொடுத்துவிடுகிறது. அதை அந்தத் தூரத்திலிருந்து அடிப்பது ஓட்டுபவன் கையில் இருக்கிறது. இப்போதெல்லாம் தொலைவிலேயே ஒரு முறை அடித்து, வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் வரும்போது "வலப்பக்கமாக வருகிறேன்" என்று வாயாலும் சொல்லிவிடுகிறேன். முன்னால் போகிறவர் அசையவில்லை என்றால், திமிர் என்று எடுத்துக்கொள்ளாமல், அவருக்குக் காது கேட்காமல் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, நடைவேகத்தில் கடக்கிறேன். கடந்ததும் ஒரு நன்றி. கொஞ்ச நாள் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

இனி உன் பக்கம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே. தேங்கிய தண்ணீரில் கால் படாமல் இருக்க நடுப்பாதைக்கு நகர்ந்தேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். இரண்டு காதிலும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறாய். அந்தச் சைக்கிள்காரன் பெல் அடித்திருந்தாலும் உனக்கு எப்படிக் கேட்டிருக்கும்? நகர்வதற்கு முன் தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பிப் பார்த்தாயா? பார்த்திருக்கமாட்டாய் என்று நிச்சயமாகச் சொல்வேன், ஏனென்றால் நானும் எத்தனையோ ஆண்டுகள் பார்த்ததில்லை. கைக்கடிகாரம் கிலோமீட்டர் முடிந்ததென்று கத்தியதும் நின்ற இடத்திலேயே சடாரென்று திரும்பி ஓடுவது, பாதை நடுவில் குனிந்து ஷூ லேஸ் கட்டுவது, மூன்று பேர் வரிசையாகப் பாதையை அடைத்துக்கொண்டு பேசியபடி ஓடுவது ஆகிய எல்லாவற்றையும் நாம் இருவரும் சேர்ந்தே செய்திருக்கிறோம். ஓடுகிறவனுக்குத் தன் மூச்சும் தன் நேரமும்தான் உலகம். பின்னால் வருகிறவனுக்கோ அவன் அடுத்து எந்தப் பக்கம் சாய்வான் என்பது ஒன்றுதான் தெரிய வேண்டும். அதை அவனுக்குத் தெரியும்படி நடந்துகொள்வதைத்தான் சாலை மரியாதை என்று நான் இப்போது புரிந்துகொண்டிருக்கிறேன். புன்னகையும் தலையசைப்பும் இனிமையானவைதாம், ஆனால் அவை அதற்குப் பின்னால்தான் வரும்.

நடைபாதை இல்லாத சாலையில் எந்தப் பக்கம் ஓடுவது என்ற நம் பழைய சண்டையிலும் நீ சொன்னதுதான் சரி. வண்டிகள் எதிரே வரும் பக்கமாகத்தான் போக வேண்டும்; பொதுவிதியாக அந்த உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. சைக்கிளோ மற்ற வண்டிகளைப் போல அவை போகும் திசையில்தான் போக வேண்டும். குறுகிய வளைவில் மட்டும், வளைந்து வருகிற ஓட்டுநருக்கு நீ முன்கூட்டியே தெரியும்படி, பத்திரமான இடம் பார்த்துப் பக்கம் மாறிக்கொள்.

வண்டி ஓட்டுபவர்களைப் பற்றி நீ ஒரு பக்கம் முழுக்கக் குமுறியிருந்தாய். பாதி நியாயம். பிரிட்டனில் 2022 ஜனவரியில் சாலை விதித் தொகுப்பைத் திருத்தியபோது, யாரால் அதிகத் தீங்கு விளையக்கூடுமோ அவருக்கே அதிகப் பொறுப்பு என்ற வரிசையை முதலிலேயே வைத்தார்கள். லாரிக்காரர் காரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கார்க்காரர் சைக்கிளை, சைக்கிள்காரர் நடப்பவரை. கேட்பதற்கு எளிது, நடைமுறையில் நாம் எல்லோரும் நமக்கு மேலே இருப்பவரைத்தான் குறை சொல்கிறோம், கீழே இருப்பவர் கண்ணில் படுவதில்லை. நீ சைக்கிள்காரனைத் திட்டினாய், அவன் அன்று மாலையே ஏதோவொரு காரைத் திட்டியிருப்பான்.

முந்திச் செல்லும் இடைவெளியை எடுத்துக்கொள். ஜெர்மனியில் 2020 முதல் சைக்கிளைக் கடக்கும் கார் ஊருக்குள் 1.5 மீட்டரும் வெளியே 2 மீட்டரும் விலகிப் போக வேண்டும். பிரான்சில் ஊருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5 மீட்டர். சைக்கிளில் ஏறும் வரை இந்த அளவெல்லாம் மிகையென்று நினைத்திருந்தேன். சைக்கிள் நேர்கோட்டில் போகும் வண்டியே அன்று. கல்லைக் கண்டால் நெளியும், காற்றடித்தால் அசையும், பெரிய வண்டி வேகமாகக் கடந்தால் அதன் காற்றே முதலில் தள்ளி, பிறகு உள்ளே இழுக்கும். இடமில்லை என்றால் பின்னாலேயே வர வேண்டியதுதான். அதற்கு ஆகும் நேரத்தையும் கணக்கிட்டேன். 100 மீட்டரை 50 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 7 நொடி, என் சைக்கிளின் பின்னால் 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 18 நொடி. பதினோரு நொடி நஷ்டம். அதற்காகத்தான் சிலர் காது கிழிய ஹாரன் அடிக்கிறார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தன் ஹாரன் வெளியே எப்படிக் கேட்கிறது என்பதே தெரிவதில்லை. ஒரு நாள் தன் காருக்கு முன்னால் நின்று வேறொருவரை அடிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

அளவுக்கு மீறிய மரியாதையும் ஆபத்துதான், சுந்தரம். இது நான் கார் ஓட்டியபோது கற்றது. ஒரே திசையில் இரண்டு லேன் உள்ள சாலை. ஓரத்தில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் கடக்கக் காத்திருந்தான். வண்டியை நிறுத்தி, சிரித்தபடி, போ என்று கை காட்டினேன். அவன் என்னை நம்பி ஓடினான். பக்கத்து லேனில் வந்தவருக்கு என் கார் மறைத்ததால் பையன் தெரியவில்லை. பிரேக் கிறீச்சிட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது; இரண்டடி இடைவெளியில் நின்றது. காய்ந்த சாலையில், ஒரு நொடியில் சுதாரித்துக்கொள்ளும் ஓட்டுநருக்குக்கூட, 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிற்க ஏறத்தாழ 28 மீட்டர் வேண்டும். 30 கிலோமீட்டரில் 13 மீட்டர் போதும். அவர் மெதுவாக வந்ததால் பையன் பிழைத்தான், என் பெருந்தன்மையால் அன்று. என் வண்டி நிற்கும் என்று மட்டுமே என்னால் உறுதி சொல்ல முடியும். அடுத்தவர் வண்டிக்கும் சேர்த்துக் கை காட்ட எனக்கு உரிமையில்லை. இப்போது நிறுத்துவதோடு சரி. பார்த்துக் கடப்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

ஹான்ஸ் மாண்டர்மன் என்ற டச்சுப் போக்குவரத்துப் பொறியாளரைப் பற்றி முன்பு பேசியிருக்கிறோம், நினைவிருக்கிறதா? டிராக்டன் என்ற ஊரில் நெரிசலான ஒரு சந்திப்பில் சிக்னல்களை எடுத்துவிட்டு, கார்க்காரரும் சைக்கிள்காரரும் நடப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துப் போகும்படி செய்தார். அந்தச் சந்திப்பில் வண்டிகளுக்கிடையே பின்னோக்கி நடந்து காட்டுவாராம். எனக்கு அந்த யோசனை அப்போது மிகவும் பிடித்திருந்தது. இப்போது பாதிதான் பிடிக்கிறது. கண்ணால் பேசிக்கொள்ளும் ஏற்பாட்டில் கண் தெரியாதவர் என்ன செய்வார் என்று பார்வையற்றோர் எழுப்பிய கேள்விக்கு அதில் நல்ல விடை இல்லை. இருட்டில் எதிரே வருபவர் ஹெட்லைட்டை டிம் செய்யாமல் வந்தால் நமக்கும் அதே நிலைதான். சைக்கிளில் பளீரென்ற விளக்கை நேராக எதிரே வருகிறவர் கண்ணுக்கு வைத்துக்கொண்டு வருபவர்களும் பெருகிவிட்டார்கள். நான் என்னுடையதை வளைத்துத் தரையைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறேன்.

அந்த அம்மாவை அதன்பின் நான்கைந்து முறை பார்த்துவிட்டேன். தூரத்தில் பெல் கேட்டதும் நின்ற இடத்திலேயே நின்றுகொள்கிறார். அது தவறில்லை என்று நானும் சொன்னேன். நகராதவரைச் சுற்றிப் போவது சுலபம்.

அடுத்த மாதம் நீ வரும்போது நீ ஓடு, நான் பக்கத்தில் சைக்கிளில் வருகிறேன். எதிரே யாராவது வந்தால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு உன் பின்னால் வந்துவிடுவேன். விட்ட இடத்தை நீ நினைவில் வைத்துக்கொள். ஒரு காதையாவது திறந்து வை.

என்றும் அன்புடன்,
உன் பழைய ஓட்டத் தோழன்