முன்னால் போகும் வண்டியில் சரக்கு தளர்ந்திருந்தால்

உறுப்பினர்களுக்கு வணக்கம். இன்று காலை எனக்கு முன்னால் சென்ற லாரியில் இரும்புக் குழாய்களைக் கட்டிய கயிறு தளர்ந்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் குழாய்கள் பின்னுக்கு நகர்ந்துகொண்டிருந்தன. பதற்றத்தில் பக்கவாட்டில் நெருங்கிக் கை காட்டினேன். அது தவறு, சரிந்திருந்தால் என் மேல்தான் விழுந்திருக்கும். ஹாரன் அடித்தேன், வழி கேட்கிறேன் என்று நினைத்து லாரி ஓட்டுநர் ஒதுங்கினார்! சிக்னலில் வண்டிகள் நின்ற பிறகுதான் கண்ணாடியை இறக்கி, "அண்ணே, பின்கட்டு அவிழ்கிறது" என்று சொல்ல முடிந்தது. உடனே ஓரங்கட்டி இறுக்கிக் கட்டினார்.

தயவுசெய்து முதலில் இடைவெளி விடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுவோம். பிறகு முகப்பு விளக்கை விட்டு விட்டு ஒளிரச் செய்யுங்கள். அவர் கவனிக்காவிட்டால், உடன் வருபவர் வண்டி எண்ணைக் காவல்துறைக்குச் சொல்லட்டும். ஓட்டுபவர் கைபேசியைத் தொடவே வேண்டாம்.