சிப்பிப்பாறையும் பூனைக்குட்டியும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். சாரல் இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது. துணிதான் காய மாட்டேன் என்கிறது. அப்பாவுக்கு வழக்கமான இருமல், வேறொன்றும் இல்லை. புதுசாக வந்த பூனைக்குட்டியை வீட்டு நாயோடு எப்படிப் பழக்குவது என்று போனில் நீ கேட்டது பாதிதான் காதில் விழுந்தது. பின்னால் நாய் குரைக்க, குட்டி சீற, மாப்பிள்ளை இரண்டையும் அதட்ட, சந்தைக்கடை மாதிரி இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி. மாப்பிள்ளையிடமும் கொடு, இதில் பாதி அவருக்குத்தான்.

முதலில் உன் மாமியார் சொன்ன யோசனை. "ரெண்டையும் ஒரு ரூமுக்குள்ள விட்டுக் கதவைச் சாத்து, அடிச்சுப் புடிச்சு தானா சேந்துக்கிடும்." பெரியவர்கள் பேச்சைத் தட்டக் கூடாதுதான். இதை மட்டும் தட்டு. அவர்கள் வீட்டில் தொழுவம் இருந்தது, வைக்கோல் படப்பு இருந்தது, நாய் விரட்டினால் பூனை ஒரே தாவில் ஓட்டுக்கு மேல் போய்விடும். கொச்சியில் உங்கள் காக்கநாட்டு ஃப்ளாட்டில் கதவைச் சாத்தினால் அந்தக் கையகலக் குட்டி எங்கே போய் ஏறும்? நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதே. டாக்டர் சொன்னார் என்று சொல். உன் பூனையால் சம்பந்தி வீட்டோடு எனக்கு மனஸ்தாபம் வேண்டாம்.

அதிலும் உங்கள் வீட்டு நாய் சிப்பிப்பாறை. சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்கென்றே வளர்த்த இனம். மோப்பத்தைவிட அதற்குக் கண்தான் பிரதானம். எதிரே ஒன்று ஓடினால் கால் தானாகக் கிளம்பிவிடும். குட்டியின் மேல் அதற்குக் கோபமோ பகையோ கிடையாது. ஆனால் கோபமில்லாமல் கவ்வி ஒரு உதறு உதறினாலும் குட்டி போச்சு. (அப்படி ஓடுகிற நாயை ஃப்ளாட்டில் வைத்து வளர்ப்பது பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. மாப்பிள்ளை படிக்கப் போகிற கடிதம் என்பதால் விட்டுவிடுகிறேன். காலையும் மாலையும் நன்றாக ஓட விடட்டும், அது போதும்.)

நம் வீட்டில் இரண்டும் இருக்கிறதே என்று கேட்டாய். பூனை வெள்ளச்சியை உனக்குத் தெரியும், புளியரை செக்போஸ்டில் கேரளாவுக்குப் போக நின்ற வைக்கோல் லாரியிலிருந்து இறங்கி வந்தவள். நாய் கருப்பன் நீ கல்யாணமாகிப் போன பிறகு வந்தவன். அதனால் அவர்களுடைய ஆரம்பக் கூத்தை நீ பார்க்கவில்லை.

அவன் வந்தபோது பால்குடி மறந்த குட்டி. பட்டாசலில் கொண்டுவந்து விட்டதும் நேரே வெள்ளச்சியிடம் போனான். முன்னங்கால் இரண்டையும் தரையில் நீட்டி, பின்புறத்தைத் தூக்கி, வா விளையாடலாம் என்று நின்றான். அவள் பழைய நெல் குலுக்கையின் ஓரமாக உட்கார்ந்தபடி வாலை இடமும் வலமும் பட்பட்டென்று அடித்தாள். நாய் சாதியில் வாலை ஆட்டினால் பெரும்பாலும் சந்தோஷம். பூனை வாலை அப்படி அடித்தால் எரிச்சல், கிட்டே வராதே என்று அர்த்தம். இவன் தன் கணக்கில் எடுத்துக்கொண்டு மூக்கை நீட்டினான். விழுந்தது ஒரு அறை. நகத்தைக்கூட முழுசாக நீட்டவில்லை. 'கீய்' என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடி அங்கணத்தில் விழுந்தான். அவள் எதுவும் நடக்காத மாதிரி குலுக்கை மேல் ஏறிப் பாதத்தை நக்க ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது அவன் அவளைப்போல் நாலு மடங்கு. இருந்தாலும் நடையில் அவள் குறுக்கே படுத்திருந்தால் தாண்ட மாட்டான். நின்று, முகத்தை வேறு பக்கம் திருப்பி, உதட்டை ஒரு தடவை நக்கிக்கொண்டு, சுவரை ஒட்டி ஒதுங்கிப் போவான். அந்த முகத் திருப்பலும் உதட்டு நக்கலும் நாய் பாஷையில் சமாதானம், வம்பு வேண்டாம் என்பது. அவளும் இவனைப் படித்து வைத்திருக்கிறாள். மழையில் நனைந்து வந்து உடம்பை உதறப் போகிறான் என்றால் அதற்கு முன்பே எழுந்து போய்விடுவாள்.

உன் தம்பி இதைப் பற்றி ஒன்று படித்துக் காட்டினான். 2008-ல் இஸ்ரேலில் டெல் அவிவ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் நாயும் பூனையும் சேர்ந்து வளரும் வீடுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். பூனை ஆறு மாசத்துக்குள்ளும் நாய் ஒரு வயசுக்குள்ளும் இருக்கும்போது பழக்கினால் சுலபமாக ஒட்டிக்கொள்கிறதாம். வீட்டில் பூனை முதலில் இருந்து, நாய் பிறகு வந்தால் இன்னும் நல்லதாம். ஒன்றின் சைகையை மற்றது புரிந்துகொள்ளவும் செய்கிறதாம். நம் வீட்டில் இரண்டும் பொருந்தியது. உன் வீட்டில் குட்டிக்கு வயசு சரி. நாய் இரண்டு வயசைத் தாண்டியாயிற்று, வீடும் முதலில் அதனுடையது. பாதி உன் பக்கம், பாதி எதிர்ப்பக்கம். அதனால்தான் அவசரப்படாதே என்கிறேன்.

பால்கனி அறையைக் குட்டிக்கென்று ஒதுக்கிவிடு. மணல் தட்டு, தண்ணீர், படுக்கை எல்லாம் அங்கேயே. பால்கனிக்கு முதலில் வலை அடி. புறாவைப் பார்த்துத் தாவினால் மாடி எத்தனை என்று பூனை எண்ணாது. இரண்டுக்கும் முகம் தெரிவதற்கு முன்னால் வாசனை தெரியட்டும். குட்டியின் கன்னத்தில் ஒரு பழைய துணியைத் தேய்த்து நாய் படுக்கும் இடத்தில் போடு, நாய் படுத்த துணியைக் குட்டி அறையில் போடு. நாய் மோந்து பார்த்துவிட்டு அலட்டாமல் போனால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பிறகு மூடின கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுக்கும் இந்தப் பக்கம் ஒன்றுக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு. முதலில் கதவிலிருந்து தள்ளி வை, பழகப் பழகத் தட்டைக் கதவுக்குப் பக்கமாக நகர்த்து. அந்த வாசனை வந்தால் சோறு வரும் என்று இரண்டும் நினைக்க வேண்டும். இதற்கு ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாசமும் ஆகலாம். நாள் குறிக்காதே.

நேரில் காட்டும் அன்றைக்கு மாப்பிள்ளை நாயை நன்றாக ஓட விட்டு, அலுத்துப்போன பிறகு கூட்டி வரட்டும். கழுத்துப் பட்டையும் கயிறும் அவர் கையில் இருக்கட்டும். குட்டியை நீ தூக்கி வைத்துக்கொண்டு காட்டாதே. பயந்தால் உன் தோளையும் கழுத்தையும் கீறிக்கொண்டுதான் ஏறும். அதைத் தரையில் விடு, ஏறுவதற்கு அலமாரியோ ஃபிரிட்ஜோ பக்கத்தில் இருக்கட்டும். நாய் குட்டியைப் பார்த்துவிட்டுத் தானாகக் கண்ணைத் திருப்பி அவரைப் பார்க்கிறதா, அந்த நொடியில் ஒரு கறித்துண்டு. அதுதான் நாம் விலை கொடுத்து வாங்க வேண்டிய பழக்கம். குரைத்தால் அடிக்க வேண்டாம், அதட்டவும் வேண்டாம். பூனை வந்தாலே அடி விழுகிறது என்று அது கணக்குப் போட்டுவிட்டால் பிறகு சேர்க்கவே முடியாது.

மாப்பிள்ளை முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். நாய் குரைத்துக் குதித்தால் எனக்குப் பயமில்லை. சத்தமே இல்லாமல் வாயை மூடி, காதை முன்னால் நிமிர்த்தி, உடம்பு கட்டையாக விறைத்து, கண் இமைக்காமல் குட்டியையே பார்த்துக்கொண்டு நின்றால் உடனே கயிற்றை இழுத்து வெளியே கொண்டுபோகச் சொல். அது வேட்டைப் பார்வை. விளையாடுகிற நாயின் உடம்பு தொளதொளவென்று இருக்கும், வாய் திறந்திருக்கும். எத்தனை பழக்கினாலும் அந்தப் பார்வை மாறவில்லை என்றால் குட்டியை இங்கே கொண்டு வந்து விடு. வெட்கப்பட ஒன்றும் இல்லை, சில நாய்க்கு அப்படித்தான். சரியாகப் பழகிவிட்டது என்று தோன்றினாலும், நீங்கள் இருவரும் வேலைக்குப் போகும்போது குட்டி தனி அறையில், கதவு பூட்டி. குட்டி வளர்ந்து தன்னைப் பார்த்துக்கொள்ளும் வரை இதில் விட்டுக்கொடுக்காதே.

இன்னொன்று. வீட்டுப் பூனையோடு பழகிவிட்டதால் நாய்க்கு எல்லாப் பூனையும் சொந்தம் என்று நினைக்காதே. வெள்ளச்சிக்கு வழிவிட்டுப் போகும் இதே கருப்பன், எதிர்வீட்டுச் சாம்பல் பூனையைக் கண்டால் மதில் வரைக்கும் துரத்திவிட்டுத்தான் திரும்புவான். அவளும் திண்ணையில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்ப்பாள்.

போனில் வருகிற வீடியோக்களில் நாய் மேல் பூனை தலை வைத்துத் தூங்குகிறதே, அதைப் பார்த்து ஆசைப்படாதே. நம் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. சாரல் காலத்தில் விறகடுப்பு அணைந்த பிறகு இரண்டும் அந்தச் சூட்டுக்கு வந்து படுக்கும், நடுவில் ஒரு சாண் இடம் விட்டு. எப்போதாவது அவள் வாலை நேராக நிமிர்த்தி வந்து அவன் தாடையில் கன்னத்தை உரசிவிட்டுப் போவாள். மற்றபடி அவன் பாட்டுக்கு அவன், அவள் பாட்டுக்கு அவள். பயமில்லாமல் சாப்பிட்டுப் பயமில்லாமல் தூங்குகிறதா, எனக்கு அது போதும். உனக்கும் போதும் என்று வைத்துக்கொள்.

சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பூனைத் தட்டு எப்போதும் மேலே, நாய்க்கு எட்டாத இடத்தில். கருப்பன் அவள் சாளை மீனைத் திருடித் தின்றுதான் அவள் தட்டு அரிசிப் பெட்டி மேல் ஏறியது. மணல் தட்டும் அப்படித்தான், நாய்கள் அதையும் விட்டுவைக்காது, நீயே பார்ப்பாய். நாய்ச் சாப்பாட்டைப் பூனைக்குப் போட்டுச் சமாளிக்காதே. டாரின் என்று ஒரு சத்து, பூனை உடம்பு அதைத் தேவைக்குத் தானாக உண்டாக்கிக்கொள்ளாது, கறி மீனிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். தயிர்ச்சோற்றில் பூனை வளரும் என்பதெல்லாம் பூனை வெளியே போய் எலி பிடித்துத் தின்ற காலத்துப் பேச்சு. வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு இரண்டுக்குமே ஆகாது.

இதைக் கட்டாயம் நினைவில் வை: நாய்க்கு உண்ணி போக பிடரியில் விடும் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதே. சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், பூனைக்கு அது விஷம். நாய்க்குப் போட்டாலும் காயும் வரை குட்டியைக் கிட்டே விடாதே. மருந்துக் கடையில் வாங்காமல், வீட்டில் பூனையும் இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லி எழுதி வாங்கு. காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதுவும் பூனையைக் கொன்றுவிடும்.

குட்டிக்கு மூன்று மாசம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் மறுபடியும். நாய்க்கு இந்த வருஷத்து ஊசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பார். அங்கே வளர்ப்பு நாய்க்கு லைசன்ஸ் எடுக்க அந்தச் சான்று கேட்பார்கள். சமாதானம் செய்யப் போய் நீ கடியோ பிறாண்டலோ வாங்கினால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. பூனை நகம்தானே என்று ஆச்சி காலத்து வழக்கப்படி மஞ்சள் அப்பிக்கொண்டு உட்காராதே. ஆறாவது மாசத்தை ஒட்டிக் கருத்தடை ஆபரேஷனும் செய்துவிடு, இல்லையென்றால் அடுத்த கடிதம் நாலு குட்டியைப் பற்றி எழுத வேண்டி வரும்.

ஆடி அமாவாசைக்கு வருவதாகச் சொன்னீர்கள். இரண்டையும் கொண்டு வருவதென்றால் பாலருவி எக்ஸ்பிரஸ் வேண்டாம், காரில் வாருங்கள். நாய் பின் சீட்டில், குட்டி மூடின கூடையில் உன் மடியில். கிளம்புவதற்கு முன் குட்டிக்கு வயிறு நிறையப் போடாதே. புனலூர் தாண்டித் தென்மலையிலிருந்து ஆரியங்காவு வரை வளைவு வளைவாகத்தான் வரும், வாந்தி எடுத்துவிடும். இங்கே வந்ததும் வெள்ளச்சியும் கருப்பனும் புதுசாக இரண்டு பேரைப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கும் இதே பாடுதான். மச்சு அறையை ஒழித்து வைக்கிறேன், குட்டி அங்கே இருக்கட்டும். சிப்பிப்பாறையைப் புறவாசல் வழியாகக் கூட்டி வரச் சொல். கருப்பன் அன்றைக்கு உன் சித்தப்பா வீட்டில் இருப்பான், அப்பாவிடம் பேசிவிட்டேன். எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா
செங்கோட்டை