பொதியை ஏற்றுமுன் விவரக்கோப்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினி படிக்கும் நம் பிள்ளைகள் செயற்றிட்டத்துக்காக எழுதிய நிரலை, எவரும் நிறுவிப் பயன்படுத்தக்கூடிய திறமூலப் பொதியாகப் பைபிஐ (பைத்தன் மொழிக்கானது), என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கானது) என்னும் இணையக் களஞ்சியங்களில் ஏற்றுவது மகிழ்ச்சியான விடயம். நிரலுக்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். பொதியின் பெயர், பதிப்பு, உரிமம் முதலியவற்றைச் சொல்லி அதனுடன் போகும் விவரக்கோப்பை மட்டும் கடைசி நேரத்தில் வேறொரு பொதியிலிருந்து பிரதிபண்ணி ஒட்டிவிடுகிறார்கள். பைத்தனில் அது பைப்ராஜெக்ட்.டொமல், ஜாவாஸ்கிரிப்டில் பேக்கேஜ்.ஜேசன். பொதியைத் தேடி எடுப்பவரும் நிறுவும் கருவியும் முதலில் படிப்பது இந்தக் கோப்பைத்தான்.

ஒருமுறை வெளியானதை மாற்றி எழுத வழியில்லை. பைபிஐயில் 1.0.0 பதிப்பை அழித்துவிட்டாலும் அதே கோப்புப் பெயரில் மீண்டும் ஏற்ற விடமாட்டார்கள். என்பிஎம்மிலும் ஒரு பதிப்பு எண்ணை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். 72 மணிநேரம் கடந்தால் பொதியை விலக்கிக்கொள்வதற்கே நிபந்தனைகள் உண்டு. எழுத்துப்பிழையைத் திருத்துவதென்றாலும் 1.0.1 வெளியிட வேண்டியதுதான்.

அதிகம் கவலை தருவது உரிமம். உரிமம் குறிப்பிடாவிட்டால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நம்புகிறார்கள். சட்டம் நேர்மாறானது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் படைப்பாகவே பாதுகாக்கிறது. அந்த உரிமை ஆக்கியவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நிற்கும். உரிமம் இல்லாத பொதியை விடயம் தெரிந்த நிறுவனம் தொடாது. பல பதிப்புகள் உள்ள ‘ஜிபிஎல்’ என்ற திறமூல உரிமத்தின் பெயரை மொட்டையாக எழுதினாலும் போதாது. உரிமங்களுக்குப் பொதுக் குறியீடு தரும் எஸ்பிடிஎக்ஸ் பட்டியலில் உள்ளதை அப்படியே எழுத வேண்டும்: ‘எம்ஐடி’, ‘அப்பாச்சி-2.0’, ‘ஜிபிஎல்-3.0-ஒன்லி’, ‘ஜிபிஎல்-3.0-ஓர்-லேட்டர்’. கடைசி இரண்டும் ஒன்றல்ல. பின்னர் வரக்கூடிய ஜிபிஎல் பதிப்புகளின் கீழும் பயன்படுத்த இடமளிப்பது இரண்டாவது மட்டுமே. உரிமத்தின் முழு வாசகமும் தனிக் கோப்பாகப் பொதிக்குள் இருக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் கடமையாக எழுதிய நிரலென்றால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்துப் பொருளாதார உரிமை முதலாளியுடையது. ஏற்றுமுன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

அடுத்தது பொதிக்குள் என்னென்ன போகிறது என்பது. தேசிய அடையாள அட்டை எண்ணைச் சரிபார்க்கும் சிறு பொதி நம் மாணவர்கள் விரும்பிச் செய்யும் பயிற்சி. சோதனைக் கோப்பில் வீட்டாரின் உண்மையான எண்களைப் போட்டுவிடுகிறார்கள். புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே எண் வெளியானால் பிறந்த தேதியும் பாலினமும் சேர்ந்தே வெளியாகின்றன. 1800 போன்ற, எவருக்கும் வழங்கியிருக்க முடியாத பிறந்த ஆண்டை வைத்துச் சோதனை எண்களை உருவாக்குங்கள்.

என்பிஎம்மில் இன்னொரு பொறியும் உண்டு. பொதியில் சேர்க்கக்கூடாதவற்றைப் பட்டியலிடும் என்பிஎம்இக்னோர் கோப்பு இல்லாதவரை, நிரலைச் சேமிக்கும் கிட் கருவிக்கான அதே வகைப் பட்டியலான கிட்இக்னோரில் விலக்கியவை பொதியிலும் விலக்கப்படும். என்பிஎம்இக்னோரை உருவாக்கிய கணமே, அதே கோப்புறையில் உள்ள கிட்இக்னோரை என்பிஎம் பார்ப்பதில்லை. கடவுச்சொற்கள் இருக்கும் .என்வி கோப்பு வெளியே போவது இப்படித்தான். விலக்கவேண்டியவற்றைப் பட்டியலிடுவதை விட, சேர்க்கவேண்டியவற்றை பேக்கேஜ்.ஜேசனின் ‘ஃபைல்ஸ்’ பகுதியில் எழுதுவதே பாதுகாப்பு. ஆக்கியோர் மின்னஞ்சலும் உலகுக்கே தெரியும், ஆதலால் சொந்த முகவரியைத் தவிர்த்துத் தனியாக ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

பொதிக்கு எந்தப் பைத்தன் பதிப்பு தேவை என்று விவரக்கோப்பில் சொல்லும் ‘ரிக்வயர்ஸ்-பைத்தன்’ வரியை ஊகித்து எழுதக்கூடாது. ‘மேட்ச்’ கட்டளை பைத்தன் 3.10இல்தான் வந்தது. அதைப் பயன்படுத்திவிட்டு 3.8 போதும் என்று எழுதினால், பழைய பைத்தன் உள்ள கணினியில் பொதி சிக்கலின்றி நிறுவப்பட்டு, இயக்கும்போது தொடரியல் பிழை காட்டும். சரியாக எழுதியிருந்தால், பைத்தன் பொதிகளை நிறுவும் கருவியான பிப் அந்தக் கணினிக்குப் பொருந்தும் முந்தைய பதிப்பைத் தானே தேடி எடுக்கும். நம் பொதி இயங்கத் தேவைப்படும் சார்புப் பொதிகளை இரட்டைச் சமக்குறி போட்டு ஒரே பதிப்பில் கட்டுவது முழுச் செயலிக்குச் சரி, பிறர் தம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் நூலகத்துக்குச் சரியல்ல. அதே சார்பின் வேறு பதிப்பைக் கேட்கும் இன்னொரு நூலகம் வந்தால் இரண்டையும் சேர்த்து நிறுவ முடியாது.

தமிழ்ப் பொதிகளுக்கென்றும் சில உண்டு. பைபிஐயில் பொதிப் பெயர் ரோமன் எழுத்திலும் எண்களிலுமே அமைய வேண்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அங்கே ஒன்றே. பெயருக்கு இடையே வரக்கூடிய இடைக்கோடு, அடிக்கோடு, புள்ளி மூன்றும் ஒன்றே. பெயரை ஒலிபெயர்க்கும் மற்ற வடிவங்களைத் திறவுச்சொற்களில் சேருங்கள், தேடுபவர் எந்த எழுத்துக்கூட்டலில் தட்டுவார் என்று சொல்ல முடியாது. பைபிஐயின் வகைப்பாட்டுப் பட்டியலில் இயற்கை மொழி என்பதன் கீழ் தமிழும் இருக்கிறது, பலர் அதைச் சேர்ப்பதில்லை. பொதியின் அறிமுகமான ரீட்மீ கோப்பை யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்கவும். விண்டோஸ் பவர்ஷெல் 5.1இல் ‘>’ குறியால் உருவாக்கிய கோப்பு யுடிஎஃப்-16 ஆகிவிடும், பொதி கட்டும்போதே தடைப்படும். ரீட்மீயில் உள்ள படங்களுக்கு முழு இணைய முகவரி கொடுங்கள். உங்கள் கோப்புறையை வைத்துக் கொடுக்கும் குறும்பாதை பைபிஐ பக்கத்தில் வேலை செய்யாது.

ஏற்றுமுன் பைத்தன் பொதியைக் கட்டி, அதைச் சரிபார்க்கும் ‘ட்வைன் செக்’ கட்டளையை ஓடவிடுங்கள். கட்டியதும் கிடைக்கும் வீல் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் (சுருக்கக்) கோப்புத்தான். அதைத் திறந்து உள்ளே இருக்கும் ‘மெட்டாடேட்டா’ கோப்பை வரிவரியாக வாசியுங்கள். பைபிஐயின் சோதனைக் களஞ்சியமான டெஸ்ட்பைபிஐயில் ஏற்றி, வெறுமையான மெய்நிகர் சூழலில் நிறுவிப் பார்த்த பிறகே உண்மையான களஞ்சியத்துக்குப் போகலாம். டெஸ்ட்பைபிஐக்குத் தனிக் கணக்கு வேண்டும். என்பிஎம்முக்கு ‘என்பிஎம் பேக்’ கட்டளையை ‘ட்ரை-ரன்’ தெரிவுடன் கொடுத்தால், போகப்போகும் கோப்புகளின் பட்டியலை மட்டும் காட்டும்.

நம் மாவட்ட உயர்கல்வி நிறுவனங்களின் கணினித்துறை விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். செயற்றிட்ட மதிப்பீட்டில் விவரக்கோப்புக்கும் புள்ளி ஒதுக்குங்கள். மாணவரின் மடிக்கணினியில் ஓடுவதைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கட்டிய பொதியை வாங்கி வேறொரு கணினியில் நிறுவி, உரிமக் கோப்பையும் உள்ளடக்கப் பட்டியலையும் மாணவர் முன்னிலையிலேயே திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
திறமூல மென்பொருள் ஆர்வலர்,
உவர்மலை, திருகோணமலை.