உரிமம் போனால் அடையாளமும் போகலாமா?

ஆசிரியருக்கு,

வாகனம் ஓட்டுவதை நிறுத்திவிட்ட முதியோருக்குத் தனியாக ஓர் அடையாள அட்டை எதற்கு என்று கேட்டிருந்த உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். வீட்டோடு இருப்பவர்கள்தானே, பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓட்டுநர் உரிமமே அடையாளச் சான்றாகப் புழங்கும் இடங்களில், வங்கி, தபால் பார்சல், விமானப் பயணம் என எதற்குப் போனாலும் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். பார்வை மங்கியதும் என் தந்தை 82 வயதில் தாமாகவே உரிமத்தை ஒப்படைத்தார். இரண்டு மாதம் கழித்து, பல வருடங்களாகக் கணக்கு வைத்திருந்த வங்கியிலேயே, படம் உள்ள சான்று இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணமும் அவருடையது, கையெழுத்தும் அவருடையது. ஆனாலும் நான் போய் நிற்க வேண்டியிருந்தது. அன்று அவர் முகம் வாடியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அப்புறம், இந்த அலைச்சலுக்குப் பயந்தே, ஓட்ட முடியாத நிலையிலும் உரிமத்தை விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அது சாலையில் போகிற எல்லோருக்கும் ஆபத்து.

ஜப்பானில் உரிமத்தைத் தாமே ஒப்படைப்பவர்கள் விண்ணப்பித்தால் 'ஓட்டுநர் அனுபவச் சான்றிதழ்' கிடைக்கிறது. 2012 ஏப்ரல் முதல் வழங்கப்பட்டவற்றை வாழ்நாள் முழுவதும் அடையாளச் சான்றாகக் காட்டலாம். மற்ற இடங்களிலும், உரிமத்தை வாங்கிக்கொள்ளும் அதே கவுன்டரில், கோப்பில் உள்ள படத்தையும் விவரங்களையும் வைத்தே, கட்டணமின்றி, காலாவதித் தேதி இல்லாத அட்டை ஒன்றைக் கையோடு கொடுத்து அனுப்பலாம். நடமாட முடியாதவர்களுக்கு அதை வீட்டுக்கே கொண்டுபோய்த் தரலாம்.