செயலாளர் ஆண்டறிக்கை, 2024–2025

காரைக்குடி அருகே உள்ள நமது மூத்தோர் குடியிருப்பின் நலச்சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குடிநீர், காவல், பூங்கா ஆகியவற்றில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழுவின் நேரத்தையெல்லாம் விழுங்கியது இணைய, தொலைக்காட்சி இணைப்பு மாற்றம்தான்.

பழைய செப்புக் கம்பி ஐப்பசி மழை வந்தாலே கரகரக்கும். உள்ளே வரும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளியே போகாது. முந்தைய பிள்ளையார் நோன்பன்று ஆச்சிமார் இழை (மாவில் வைத்து ஏற்றிய நூல் திரி) எடுத்துக்கொண்டபோது, வீடியோ அழைப்பில் சிங்கப்பூர்ப் பேரப்பிள்ளைகளின் முகம் இங்கே தெளிவாகத் தெரிந்தது. அங்கே ஆச்சியின் முகம் கட்டம் கட்டமாக உறைந்து நின்றது.

ஃபைபருக்கு, அதாவது ஒளியிழைக் கம்பிக்கு, மாறுவதில் யாருக்கும் மறுப்பில்லை. சிக்கல் தொலைபேசியில் வந்தது. செப்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். ஊரே இருண்டாலும் மணி அடிக்கும். ஃபைபரில் வீட்டுப் பெட்டிக்கு மின்சாரம் நின்றால் தொலைபேசியும் ஊமையாகிவிடும். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் என்ன செய்வது என்று ஓர் உறுப்பினர் கேட்டார். எல்லாரிடமும் செல்பேசி இருக்கிறதே என்றார்கள் விலைப்புள்ளி தர வந்தவர்கள். எண்பது வயதுக்காரர் இருட்டில் கண்ணாடியையும் செல்பேசியையும் தேடி எடுத்து 108ஐ அழுத்துவதை அவர்கள் பார்த்ததில்லை போலும். வீட்டுக்கு வீடு பேட்டரி, பொதுக் கருவிகளுக்கு ஜெனரேட்டர் இணைப்பு என்ற நிபந்தனைக்கு இசைந்த நிறுவனத்துக்கே வேலையைக் கொடுத்தோம். விலை சற்றுக் கூடுதல்தான். குழுவில் அதற்கு முணுமுணுப்பும் இருந்தது.

செல்பேசி எண்ணைக் கொண்டுபோக முடிவதுபோல் வீட்டுத் தொலைபேசி எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது. புதிய எண்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வழங்கியிருக்கிறோம்.

பொதுக்கூடமாக இருக்கும் பழைய வீடு தனிக்கதை. முகப்பில் வைத்த வைஃபை, உள்முற்றமான வளவைத் தாண்டவில்லை. அந்தக் காலத்துச் சுவரின் கனம் அப்படி. ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பெயர்க்கக் கூடாது என்று சொல்லி, சுவரோரமாகவே கம்பி இழுத்து வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இன்னொரு கருவி பொருத்தினோம்.

தொலைக்காட்சியில் 200 சேனல்கள் வரை 130 ரூபாய் என்று இருந்த அடிப்படைக் கட்டண உச்சவரம்பை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஜூலையில் நீக்கிவிட்டது. இனி நிறுவனம் வைத்ததே கட்டணம் என்பதால், ஒப்பந்தக் காலம் முழுவதும் கட்டணத்தை உயர்த்துவதில்லை என்று எழுதி வாங்கியிருக்கிறோம். பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி முடியும்வரை பழைய கேபிளைத் துண்டிக்கக் கூடாது என்று ஆச்சிமார் கறாராகச் சொன்னதால் இரண்டு இணைப்புகளும் சில நாள் சேர்ந்தே ஓடின.

இரண்டு ரிமோட் குழப்பம் இன்னும் தீரவில்லை. தொடவே கூடாத பொத்தான்களின்மேல் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டித் தந்த மாணவர்கள் கூலி வாங்க மறுத்து, கந்தரப்பத்தோடு திருப்தியடைந்தார்கள்.

பழைய நிறுவனம் முன்பணத்தை இன்னும் திருப்பவில்லை, கடிதம் அனுப்பியிருக்கிறோம். செட்டாப் பாக்ஸை ஒப்படைக்காதவர்கள் அடாப்டரையும் சேர்த்து அலுவலகத்தில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்